மச்சான் கொடுத்தது

என் மனைவிக்கு ஒரே ஒரு வயது மூத்தவர் என் மச்சான். அதனால் அண்ணன் தங்கை இருவருக்கும் வாடா போடிதான். லிஃப்ட் மெக்கானிக். எந்த சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் கிரீஸ் கொஞ்சம் மிச்சமிருக்கும். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று அவரைக் கேலி செய்வோம். ஒருநாள் அந்த வயிற்றைத்தான் நம்பவேண்டி வந்தது.

நுரையீரலில் தொற்று வந்து என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடுமையான ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தொற்று போனது. கூடவே குடலில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களும் போயின. காலியான இடத்தில் பொல்லாத கிருமி ஒன்று பெருகியது. வயிற்றுப்போக்கு மருந்துக்கு அடங்கும், நிறுத்தினால் திரும்பும். அவள் கரைந்துகொண்டே வந்தாள்.

“ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துல இருக்கிற பாக்டீரியாவைக் குழாய் வழியா இவங்க குடலுக்குள்ள விடணும். தள்ளிப்போட நேரமில்ல,” என்றார் டாக்டர்.

சோதனையில் நான் தேறவில்லை. மச்சான் தேறினார்.

எழுந்து உட்காரத் தெம்பில்லை, ஆனாலும் அவளுக்கு வாய் ஓயவில்லை. “சின்ன வயசுல ஒரு மிட்டாய் கேட்டா குடுக்க மாட்டான். இப்ப என்னத்தைக் குடுக்கறான் பாருங்க!”

“வாயை மூடிட்டு வாங்கிக்கோடி. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துடற பொருளா இது?”

நாள் குறித்த பிறகு மச்சானுக்குத் தாடை வீங்கியது. பல்லில் சீழ். நானும் கூடப் போனேன். பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். மச்சான் சீட்டை வாங்கவில்லை.

“இதைச் சாப்பிட்டா என் வயித்துல இருக்கிறதும் செத்துடும் டாக்டர். அது என் தங்கச்சிக்கு வேணும்.”

“மருந்து வேண்டாம்னா பல்லைக் காப்பாத்த முடியாது. பிடுங்கத்தான் வேணும். முன்பல்லுங்க, யோசிங்க.”

“லிஃப்ட் என்ன, என் பல்லைப் பாத்தா மேல போகுது? எடுங்க சார்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “மாப்ள, நீங்க வெளிய நில்லுங்க,” என்றார்.

தங்கையிடம் ஸ்பேனர் பட்டுப் பல் போய்விட்டதாகச் சொன்னார். “உனக்கு இருக்கிற வாய்க்கு அந்த ஸ்பேனர் பத்தாது,” என்று அவள் சிரித்தாள். வீக்கம் வடிந்து, மறுபடி சோதித்து, டாக்டர்கள் வேலையை முடித்தார்கள். சில வாரங்களில் அவள் பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சமையலறையில் போய் அழுதேன். பல் போன உண்மையான கதையை அதற்கப்புறம் நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

போன மாதம் மாரடைப்பில் மச்சான் போய்விட்டார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின், என் மனைவி தண்ணீர்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவளே எழுந்து வந்து, தட்டை எடுத்துவைத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். கண்ணீரோடு ஒவ்வொரு கவளமாக விழுங்கினாள்.

“முடியலன்னா விடும்மா,” என்றேன்.

“அவன் குடுத்தது உள்ள உயிரோட இருக்குங்க,” என்றாள். “நான் பட்டினி கிடந்தா அதுங்களும்ல பட்டினி கிடக்கும்.”