சுவரோரம் ஒரு விரல் இடைவெளி

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பேண்டேஜ் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஜெபமணியின் தங்கை மகள் பேசினாள். "பெரியம்மா போயிட்டாவ" என்றாள். "எங்க போயிட்டாவ?" என்று நான் அதட்டினேன். அந்தப் பிள்ளை விம்மிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு அழுகை வருவதற்கு முன் கோபம்தான் வரும். முந்தின வெள்ளிக்கிழமை என்னோடு சேர்ந்து ஆடி, தோற்றதற்கு என்னைத் திட்டி, "அடுத்த வாரமாவது கொஞ்சம் ஓடுட்டி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவள். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவது அவள் வழக்கம் இல்லை.

அவளை அறிந்தவர்களுக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். எனக்கு இரட்டையர் ஆட்டத்தில் பதினைந்து வருஷத் துணை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. 'அவர்' என்று எழுதினால் ஜெபமணி சிரிப்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். தினமும் நாலு மணிக்குப் பள்ளி மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடித்து, இராஜபாளையத்தில் எங்கள் ஷட்டில் கிளப்புக்கு வந்துவிடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்றால் எல்லோரும் பால்கோவா கேட்பார்கள். அவள் கைப்பையில் இருந்தது வறுத்த கடலை மட்டும்தான். அதையும் ஆட்டம் முடியாமல் தரமாட்டாள்.

கிளப்பில் பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரம். மில் முதலாளிகளும் கடைக்காரர்களும் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்பதால் கிடைத்த நேரம் அது. எங்களில் நர்ஸ் இருந்தார், தபால் ஆபீஸ் கிளார்க் இருந்தார், இரண்டு மில்காரர் வீட்டு மருமகள்களும் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் எங்களிடம் காபி கேட்கவில்லை. அதற்காகவே நாங்கள் வந்தோம் என்று இப்போது ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம்.

எண்பதுகளின் நடுவில் கிளப்புக்குத் தேக்குப் பலகைத் தரை போடுவது என்று முடிவானது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு தரையை யாரும் பார்த்ததில்லை. வெளியூர் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். ஆவணியில் கடைசி முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசி வந்துவிடும் என்று ராப்பகலாக வேலை நடந்தது. திறப்பு விழாவில் நாதஸ்வரம், குத்துவிளக்கு, கேசரி. வந்தவர்கள் எல்லாம் குனிந்து, பலகை சுவரைத் தொடுகிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "எறும்பு நுழைய எடமில்ல, என்னா வேலை!" என்று வியந்தார்கள். ஜெபமணியும் ஓட்டிப் பார்த்தாள். அவளும்தான் கை தட்டினாள். பிற்பாடு இதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்காட்டுவாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு வாரத்தில் தரையின் நடுப்பகுதி அப்பளம் போல் உப்பிக்கொண்டு வந்தது. பின்னால் போய் அடிக்க எம்பினேன், இறங்கிய இடத்தில் ஒரு பலகை மேடும் ஒரு பலகை பள்ளமுமாக இருந்தது. கணுக்கால் பிசகி விழுந்தேன். ஜெபமணி ஓடி வந்து என் காலைப் பிடித்தாள். ஆனால் பார்த்தது தரையை. "ஒன்மேல தப்பில்ல, சரசு. இங்க பாரு, இது என்னமோ கோளாறு" என்றாள்.

மறுநாள் கிளப்பு வாசலில் செயலாளர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பெண்கள் ஈரத் துணி போட்டுத் துடைத்ததால் பலகை ஊறிவிட்டதாம்; ஆகவே பெண்களின் நேரம் ரத்து. நாங்கள் துடைத்தது உண்மைதான். "ஆடிட்டுச் சுத்தமா துடைச்சு வச்சுட்டுப் போங்க" என்று எங்களுக்குச் சொன்னதே செயலாளர்தான். ஆறு மணிக்கு மேல் ஆடுகிற ஆம்பளைகள் ஒரு நாளும் துடைத்ததில்லை என்பதால் குற்றம் அவர்களைச் சேரவில்லை! எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டீஸைக் கிழிக்கப் போனேன். ஜெபமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கிழிக்காத. ஒட்டுனவரு கிழிக்கணும்" என்றாள்.

அன்றைக்கு அவள் செய்த காரியத்தை ஊரே பார்த்தது. கிளப்பு வாசலில் இருந்த இரண்டு வேப்பமரத்துக்கும் நடுவே தான் கொண்டுவந்த வலையைக் கட்டினாள். ஐந்து மணிக்கு எல்லோரையும் ஆடச் சொன்னாள். எங்கள் கம்பெனி பேண்டேஜையே காலில் சுற்றிக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்து பாயிண்ட் சொன்னேன். டவுன் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் ஸ்கூட்டரை நிறுத்தி, "டீச்சர், ரோட்டுல நின்னு இப்படி ஆடுதியளே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இல்லதான் சார். காத்துல பந்து நிக்க மாட்டேங்கு. உள்ள விடுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்ததும் நேராகச் செட்டியார்பட்டிக்குப் போனாள். நானும் நொண்டிக்கொண்டே கூடப் போனேன். காண்டிராக்டரின் கீழ் எங்கள் தரைக்குப் பலகை அடித்த மாடசாமி ஆசாரி வீடு அங்கே இருந்தது. எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"கீழ போட்ட சிமெண்டு காயல டீச்சர். இன்னும் ஒரு மாசமாவது விடணும்னேன். முகூர்த்தம் போயிரும்னாவ. ஈரத்து மேலயே பலகையப் போட்டாச்சு. இன்னொண்ணு, அது நாஞ் செஞ்ச தப்பு. கதவு, நெலை இறுக்குத மாதிரியே சுவத்தோட சேத்து இறுக்கிட்டேன். பலகைத் தரைக்குச் சுத்தி ஒரு வெரக்கடை எடம் விடணுமாம். மழைக்கு மரம் விரியும்லா? விரிய எடமில்லாம நடுவுல எந்திரிச்சுட்டு. பொறவுதான் ஒருத்தர் சொன்னாரு."

இதைக் கமிட்டி முன்னால் சொல்ல முடியுமா என்று நான் கேட்டேன். "என்னை விட்டுருங்கம்மா" என்றார். இனிமேல் எந்தக் காண்டிராக்டர் அவரைக் கூப்பிடுவார்? ஜெபமணி உடனே, "நீங்க ஒரு வார்த்தையும் பேச வேண்டாம் ஆசாரி. வந்து ஒரு பலகையத் தூக்குங்க. அது பேசும்" என்றாள்.

கமிட்டியைச் சம்மதிக்க வைக்கப் பத்து நாள் அலைந்தாள். பழுது பார்க்க எப்படியும் ஒரு பலகையைக் கழற்றத்தானே வேண்டும் என்று கடைசியில் தலைவர் ஒத்துக்கொண்டார். எந்தப் பலகை என்பதை ஜெபமணி காட்டினாள். வடக்குச் சுவரோரம், கோப்பைகள் வைத்த இரும்பு பீரோவுக்கு அடியில் இருந்த பலகை. நாலு பேர் பீரோவை நகர்த்தினார்கள். மாடசாமி ஆசாரி சுவருக்கும் பலகைக்கும் நடுவே கடப்பாரையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. உளியின் நுனிகூட நுழையவில்லை. திறப்பு விழாவில் எல்லோரும் மெச்சிய இறுக்கம் அதுதான். சுவரோரமாகவே ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடியும்போது டப் என்று ஒரு சத்தம். பிதுங்கி நின்ற பலகைகள் லேசாக இறங்கின. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

பலகையைத் திருப்பிப் போட்டார் ஆசாரி. மேல்பக்கம் பளபளவென்று காய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் கன்னங்கரேலென்று பூசணம் பூத்திருந்தது. கீழே சிமெண்டைத் தொட்ட தலைவரின் விரல் நனைந்தது. ஜெபமணி செயலாளரைப் பார்த்து, "பீரோவுக்கு அடியிலயும் நாங்க ஈரத் துணி போட்டோமா சார்?" என்று கேட்டாள்.

அவர், "சரி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கு" என்றார்.

"எங்க பக்கத்துத் தப்பு எங்கன இருக்குன்னு காட்டுங்க. துடைச்சு வச்சுட்டுப் போறோம்."

தலைவர் சிரித்துவிட்டார். செயலாளர் வாசலுக்குப் போய், தான் ஒட்டிய நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார். ஜெபமணி கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் கீழே போட்ட காகிதத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

காண்டிராக்டர் மறுபடி வரவழைக்கப்பட்டார். பலகை முழுவதையும் எடுத்து அடுக்கி, வெறும் சிமெண்டைத் தை, மாசி முழுக்கக் காயவிட்டார்கள். கெட்டுப்போன பலகைகளுக்குப் பதில் புதுசு வந்தது. யாரோ பங்குனியில் நல்ல நாள் பார்க்கலாம் என்றார்கள். "சிமெண்டு பஞ்சாங்கம் பாக்காது. காஞ்ச பொறவு போடுங்க" என்றாள் ஜெபமணி. இந்த முறை சுவரைச் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. அதை மறைக்கச் சட்டம் அடிப்பதற்கு முன், நாலு சுவரோரமும் குந்தியபடியே நகர்ந்து சுட்டுவிரலை விட்டுப் பார்த்தாள். சேலையெல்லாம் மரத்தூள். விளக்கேற்றாமல், ஒரு சாதாரண புதன்கிழமை ஐந்து மணிக்கு, அந்தத் தரையில் முதலில் கால் வைத்தவர்கள் நாங்கள்தான். அன்றைக்கும் நான் ஓடவில்லை என்று திட்டு வாங்கினேன்.

அவள் புனிதை ஒன்றும் இல்லை. கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று கூசாமல் சாதிப்பாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுத் தரமாட்டாள். ஆனால் மாடசாமி ஆசாரிதான் தவறாக அடித்தார் என்று கடைசி வரை கமிட்டியில் ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. அவர் போன வருஷம் காலமானார். அதனால் இப்போது நான் எழுதுகிறேன்.

நேற்று, சனிக்கிழமை, அதே கிளப்பில் இரங்கல் கூட்டம் நடந்தது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, கமிட்டி பட்ட பாட்டால் அந்தக் காலத்தில் தரை சரியானது என்றும், டீச்சர் நன்றாக ஒத்துழைத்தார் என்றும் ஒருவர் பேசினார். ஒத்துழைத்தாளாம்! நான் எழுந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இப்போதைய செயலாளர் பணிவாகவே என்னிடம் கேட்டார். "டீச்சரும் போயிட்டாவ. இனி அஞ்சு மணிக்கு யாரு வரப் போறா? அந்த நேரத்தை வேற யாருக்காச்சும் கொடுத்துரலாமான்னு பாக்கோம்."

அன்றைக்குச் சுவரோரம் அறுத்தெடுத்த தேக்குச் சிம்பு ஒன்றை ஜெபமணி எனக்குக் கொடுத்திருந்தாள். விரல் அகலம், ஒரு முழ நீளம். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் இன்றைக்கும் கறுப்பு. அது என்னிடம் இருக்கிறது. மழை பெய்தால் வலிக்கிற கணுக்கால் இருக்கிறது. அவள் விட்டுப் போன வலையும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாளைக்குத் திங்கள்கிழமை. அஞ்சு மணிக்கு யாரு வரப் போறா என்று கேட்டவருக்குச் சொல்கிறேன்: நான் வாரேன். அவளை அறிந்தவர்கள் மட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். கதவு பூட்டியிருந்தால் வேப்பமரம் இரண்டும் அங்கேயேதான் நிற்கின்றன.