சிலுவை நட்ட இடம்

1964ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கே வெயில் கொதித்தது. செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி மலைமேல் இரண்டு மேகங்கள் நின்றன. அவை மழை தருவனவல்ல என்பதை எவரும் அறிவர்.

அந்நேரத்தில் இன்னாசி கிணற்றுக்குள் இருபத்துமூன்றாம் அடியில் உளி பிடித்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தாறு, வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்பவர். செஞ்சியிலிருந்து வல்லம் செல்லும் சாலைக்குத் தெற்கே, இருபத்திரண்டு கிறித்தவக் குடும்பங்கள் வாழ்ந்த தெருவில் அவர் வீடும் ஒன்று. அத்தெருவுக்குக் கிணறு இல்லை. பெண்கள் ஊர்க்காரர் ஒருவருடைய கழனிக் கிணற்றுக்குச் சென்று, யாரேனும் இறைத்து ஊற்றும்வரை எட்ட நின்று காத்திருப்பார்கள். கயிற்றைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. இன்னாசியின் மனைவி குஞ்சம்மாள் ஒருநாள் காலையில் சென்று, உச்சிப்பொழுதில் வெறுங்குடத்தோடு திரும்பினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இன்னாசி பீடத்தின்முன் மண்டியிட்டு, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "ஆண்டவரே, நம்ம தெருவுக்குக் கெணறு வெட்டுவேன். தண்ணி பாக்காம வுட மாட்டேன்."

தெருவினர் அனைவரும் சேர்ந்தனர். தை மாதத்தில் பங்குச் சாமியார் வந்து, தெருவையொட்டிய புறம்போக்கு மேட்டில் ஒரு மரச்சிலுவையை நட்டு, நிலத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் சிலுவையைப் பக்குவமாக எடுத்து ஆலயத்தில் வைத்துவிட்டு, அது நின்ற குழியிலேயே முதல் கடப்பாரையைப் போட்டார்கள். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சிற்றாலயம் கட்டியபோது சாமியார் இவ்வாறே சிலுவை நட்டார். அது நின்ற இடத்தில்தான் பீடம் எழுந்தது. கிணற்றுக்கும் அதுவே முறை என்று கொண்டனர்.

பதினைந்தாம் அடியில் பாறை தட்டியது. சித்திரையில் கடலை பறிப்புத் தொடங்கவே, ஆட்கள் ஒவ்வொருவராக வேலைக்கு வராமல் நின்றுகொண்டனர். கீழே இன்னாசியும், மேலே கற்கூடையை இழுக்கக் குஞ்சம்மாளும் அவள் தம்பி தனகோட்டியுமே எஞ்சினர்.

"இன்னா மாமா, பாதாளத்துல ஒரு கோயில் கட்டப் போறியா?" என்று தனகோட்டி மேலிருந்து கத்தினான்.

"கட்டுனா உன்னத்தான்டா மொத மணி அடிக்கக் கூப்புடுவேன். கூடைய எறக்கு."

நான்கு மாதமாக உடல்நலமின்றிப் புதுவையில் தங்கியிருந்த சாமியார், அன்றுதான் மிதிவண்டியில் வந்து இறங்கினார். கிணற்றையும் கற்குவியலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மேட்டுல ஏன் தோண்டுறீங்க?"

"நீங்க காட்டுன எடந்தானே சாமி," என்றான் தனகோட்டி.

"நான் எங்கப்பா காட்டினேன்?"

"சிலுவை நட்டீங்களே!"

சாமியார் தொப்பியைக் கழற்றினார். "அது மந்திரிக்கிறதுக்காக நட்டது. அன்னைக்கு வேப்பமர நிழல் இங்கதான் விழுந்துச்சு. அதனால இங்க நின்னேன். கிணத்தைக் கீழே ஓடையோரமா வெட்டுவீங்கன்னு நெனைச்சேன்."

தனகோட்டி முதலில் சிரித்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "மாமா! நெழலப் பாத்துக் கெணறு வெட்டியிருக்கோம். ஏறி வா! நான் கொல்லைக்குப் போறேன்." அக்காளோடு சேர்ந்து கயிற்றை இழுத்து அவரை மேலேற்றிவிட்டு, அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

இன்னாசி சாமியாரிடம் செய்தியைக் கேட்டார். கற்குவியலின்மேல் உட்கார்ந்தார். உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"ஓடையோரம் வெட்டலாமா?" என்று குஞ்சம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கயும் ஒண்ணாம் அடிலேர்ந்துதானே? எனக்கு ஒடம்பு இல்ல புள்ள."

"அப்ப வுட்டுடு. தெருவே வுட்டுட்டுப் போயிடுச்சு. ஒன்ன யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கும் நீ கொடத்தத் தூக்கிக்கினு போயி அங்க நிக்கணும்."

"இங்க தண்ணி வரும்னு நெனைக்கிறியா?"

"தோணல."

இன்னாசி கண்களை மூடிப் பரலோக மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார்; பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை உதடுகள் மட்டுமே அசைந்தன. முடித்தாரா என்பது தெரியாது. சிறிது நேரம் கழித்து எழுந்து, உரிந்த கைகளில் கந்தையைச் சுற்றிக்கொண்டு, உளியையும் சுத்தியலையும் இடுப்பில் செருகினார். இறங்குவதற்குக் கயிறு ஒன்றே வழி. ஓர் ஆளின் பாரத்தைக் குஞ்சம்மாள் தனியாகத் தாங்க இயலாது. ஆயினும் அவள் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, கால்களை ஊன்றி நின்றாள்.

சாமியார் இரண்டு அடி முன்னே வந்து நின்றார்.

"இன்னாசி, என்மேல கோவமா?"

"இருக்குது சாமி. கயித்தப் புடிங்க, எறங்கணும்."