கறுப்புக்கு அடியில்

எண்பத்தேழில் மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வாங்கியது வெள்ளைக்காரன் காலத்து வீடு. அதைப் புதுப்பிக்க வந்த பெயின்டர் நல்ல குண்டு. மூக்குக் கண்ணாடி முழுக்கப் பெயின்ட் புள்ளிகள். பழைய பூச்சைச் சுரண்டும்போது, "வா ராஜா, வெளிய வா" என்று சுவரைக் கொஞ்சிக்கொண்டே இருப்பார்.

வாசற்கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு கறுப்புப் பலகை இருந்தது. வீடே இருட்டாக இருக்கிறது, அதை உடைத்துவிட்டு கிரில் வைக்கலாம் என்றாள் என் மனைவி. சுத்தியலோடு ஏணியில் ஏறிய பெயின்டர், ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது பலகை இல்ல, கண்ணாடி! யுத்த காலத்துல பிளேன்காரன் கண்ணுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு கறுப்பு பூசிக்கீறாங்க."

"இத்தனை வருஷக் கறுப்பு போகுமா?"

"ஒரே ஒரு நாள் குடுக்கா. போவலன்னா நானே ஒடச்சிடறேன்."

மண்ணெண்ணெயும் துணியுமாக அன்று மாலைவரை தேய்த்தார். மறுநாள் வெயில் ஏறியதும் கூடத்துத் தரையில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் விழுந்தன. என் மனைவி காபி டம்ளரோடு அதற்கு நடுவில் போய் நின்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயின்டர், பட்டுப்புடவை கட்டிய தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் செம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் அழைத்துவந்தார். தான் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர்களைக் காட்டவே இல்லை. நேராகக் கூடத்து வெளிச்சத்தில் அவர்களை உட்காரவைத்தார்.

"நீ அடிச்ச கலராப்பா?" என்று கேட்டாள் சின்னவள்.

"இல்ல கண்ணு, அப்பா தொடச்ச கலரு" என்றார். அத்தனை பெருமையோடு ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை.