ஈசான மூலையில் ஒரு சாண் மண்

மண்ணைப் பார்த்து விவரம் எழுதுவது என் தொழிலாக இருந்த காலத்தில், எங்கள் வீட்டு மண்ணைப் பற்றி ஒரே வசனம் எழுதியிருந்தேன்: "ஆழமற்ற, கிறவல் மிகுந்த மண், ஒரு சாணுக்குக் கீழே இறுகிய படை, மேய்ச்சலுக்கு உகந்தது." அதில் ஒரு சொல்லைக்கூட இன்றும் மாற்றமாட்டேன். அம்மாவுக்கு அந்த வசனம் மனப்பாடம். கறி அடிப்பிடித்தாலும், கொடியில் காய்ந்த சேலையை ஆடு இழுத்தாலும், அதன் கடைசிப் பகுதியைத்தான் எடுப்பார்.

"மேய்ச்சலுக்கு உகந்தது எண்டு கவுண்மேந்துக்கு எழுதிக் குடுத்துப்போட்டு, எங்களைக் கொண்டந்து இதுக்குள்ள கட்டியிருக்கிறான்."

குச்சவெளியில் பஸ் போகும் றோட்டுக்குக் கிழக்கே கடற்கரை மணல். தென்னையும் கிணறும் அந்தப் பக்கம். றோட்டைக் கடந்து மேற்கே நடந்தால் செருப்பின் கீழே சத்தம் மாறும். கல் கிடந்த சோற்றை மென்றது போன்ற நறநறப்பு கேட்கும். அதுதான் கிறவல். வெள்ளைப் பளிங்குக் கற்கள், துருப்பிடித்த கடலை போன்ற உருண்டைகள், அவற்றுக்கு நடுவே இடம் கிடைத்த அளவுக்குக் கொஞ்சம் செம்மண். ஒரு பிடி அள்ளினால் விரலிடுக்கால் மண் வழிந்துவிடும். கல் கையில் மிஞ்சும். ஒரு சாண் தோண்டினால் அந்தப் படை. சுண்ணாம்பு கலந்து இறுகி, அல்வாவில் கச்சான் கடலை பதிந்திருப்பதுபோலக் கற்களைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். இரும்பு அலவாங்கால் குத்தினால் அலவாங்கு எகிறித் திரும்பும். குத்தியவரின் பல்வரிசை ஒருமுறை ஆடி நிற்கும்.

மாரியில் பெய்த மழை கீழே போக வழியில்லாமல் முற்றத்திலேயே நிற்கும். அது வற்றும்போது புல் முளைக்கும், மாடுகள் வரும். பங்குனிக்குள் புல் தீர்ந்து மாடுகள் குளத்துப் பக்கம் போய்விடும். அதற்குப் பிறகு ஆடுகளின் ஆட்சி. சூரைப் பற்றையும் காரைப் பற்றையும் அவற்றின் சாப்பாடு. கொஞ்சம் பச்சையாக எது தெரிந்தாலும் அது பலகாரம். எங்கள் கறிவேப்பிலை மரம் பல வருடங்களாக என் முழங்கால் உயரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

இந்தக் காணியைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். ஆழமாக அத்திவாரம் வெட்டத் தேவையில்லை, வீடு ஒரு நூல்கூட இறங்காது என்று விளக்கினேன். வீடு இறங்கவில்லை. வேறு எதுவும் இறங்காது என்பதை அப்போது நான் அழுத்திச் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில், தங்கைக்கு இறக்கக்கண்டியில் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். தாயில்லாத அவரை வளர்த்தது அவருடைய பெரியம்மா. எங்களுக்கு அவர் மாமி. இளம் சோடிக்கென்று இறக்கக்கண்டியில் புதுவீடும் கட்டி முடித்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தார். சீதனம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை.

"கன்னிக்கால் தளிர்க்கவேணும். தளிரை என்ர கண்ணால கண்ட பிறகுதான் புதுவீட்டில பால் காய்ச்ச விடுவன். அதுவரைக்கும் பிள்ளையள் இஞ்ச உங்களோட இருக்கட்டும்."

கலியாணப் பந்தலின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், முள்முருக்கந் தடி ஒன்றை நல்ல நேரம் பார்த்து நடுவதுதான் கன்னிக்கால். மஞ்சள் துணி சுற்றி, பாலும் நீரும் விடுவார்கள். கலியாணம் முடிந்த பிறகும் வீட்டுக்காரர் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கவேண்டும். அது தளிர்த்தால் குடும்பமும் தளிர்க்கும். முருக்கு எங்கே குத்தினாலும் வளரும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் எங்கள் வீட்டு வளவில் குத்திப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்று அம்மாவுக்கும் தங்கைக்கும்; மற்றது எனக்கும் என் மண் மாதிரிப் பைகளுக்கும். முருக்குத் தளிர்க்காவிட்டால் புதுச்சோடி என் அறையில், நானும் பைகளும் விறாந்தையில்.

"எவ்வளவு காலத்துக்கு அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"தளிர்க்கிற வரைக்கும்."

"உங்கட மண்ணில எண்டால், எங்கட பேரப்பிள்ளையளும் அந்த அறைக்குள்ளதான்."

பந்தல் போடும் இடத்தில் ஈசான மூலையை அளந்து, ஒத்திகையாக ஒரு குழி வெட்டினேன். ஒரு சாணில் படை வந்தது. மத்தியானம் வரை குத்தியதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கொள்ளும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"தகரப் பீப்பாய்க்குள்ள மண் போட்டு நட்டால் என்ன?"

"மாமி பீப்பாயைப் பாப்பாவே, தளிரைப் பாப்பாவே?"

"அதுவும் சரிதான். பீப்பாயில வாழச் சொல்லிப்போடுவா."

இரவு முழுக்க ஊறினால் படை இளகும் என்று குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் ஒரு துளி குறையாமல் அப்படியே நின்றது. அதைக் குனிந்து குடித்துக்கொண்டு, பக்கத்து வளவில் இருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் வெள்ளாடு நின்றது. அங்கே தடியை நட்டால் வேர் விடுவதற்கு முன் அழுகிவிடும். தோண்டுவதைவிட, தண்ணீர் இறங்கும் இடத்தைத் தேடுவதே சரி என்று அப்போதுதான் விளங்கியது. படையில் எங்கேயாவது ஒரு வெடிப்பு இருக்கவேண்டும்.

முற்றத்தில் ஒழுங்கான இடைவெளி விட்டுச் சிறு குழிகள் வெட்டி, எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் ஒரு குழி வெறுமையாக இருந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா குழியைப் பார்க்கவில்லை. குழியைச் சுற்றியிருந்த குளம்படிகளைப் பார்த்தார்.

"இறங்கினது உண்மைதான்," என்றார். "ஆட்டின்ர வயித்துக்குள்ள."

மறுநாள் ஒவ்வொரு குழியையும் சூரை முள்ளால் மூடிவிட்டுப் போனேன். பின்னேரம் எல்லாக் குழியிலும் தண்ணீர் நின்றது. வளவில் மிச்சமாக இருந்தது வடகிழக்கு வேலியோரம் மட்டும். அங்கே வேலிக்கு அடியில் வெட்டிய குழியில் ஊற்றிய தண்ணீர், நான் வாளியைக் கீழே வைப்பதற்குள் மெல்லச் சுழன்று சரிந்தது. ஆட்டைத் தேடினேன், அருகில் இல்லை. தண்ணீர் போன திசையில் வேலிக்கு அப்பால் ஒரு பாலை மரத்தின் பழைய அடிக்கட்டை. மரம் நின்ற காலத்தில் அதன் வேர் படையைப் பிளந்திருக்கிறது. வேர் உக்கிய இடமெல்லாம் நல்ல மண் நிரம்பி ஆழமாகக் கிடந்தது. ஆனால் அது காக்காவின் வளவு.

காக்கா மாடும் ஆடும் வைத்திருப்பவர். என்னைவிட மூத்தவர், என் அலவாங்குச் சத்தத்தை இரண்டு மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டு பட்டி வாசலில் உட்கார்ந்திருந்தவர்.

"காக்கா, உங்கட பக்கத்தில ஒரு குழி வெட்டலாமோ?"

"கிணறா தம்பி?"

"இல்லை. தங்கச்சியின்ர கலியாணப் பந்தல்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "குழிக்குள்ளயா பந்தல்?"

விளக்கினேன். எங்கள் முற்றத்திலே குழிகள் முள் மூடிக் கிடந்ததையும் அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பந்தல்ட மூலை இஞ்ச வந்தா, என்ட மாடு எங்க போறது?"

"மாட்டுக்கும் அழைப்புத் தாறம், காக்கா."

"மாடு வராது தம்பி, அதுக்கு வெக்கம். ஆடுதான் சொல்லாமலே வரும்."

அவர் தன் கையாலேயே வேலிக் கதியால்களைப் பிடுங்கி வழி விட்டார். கன்னிக்கால் பந்தலின் ஈசான மூலையில் நிற்கவேண்டும். பந்தல் வளவில் எங்கே நிற்கவேண்டும் என்பது வீட்டுக்காரர் பாடு என்று ஐயர் சொன்னார். ஆகவே கன்னிக்காலைப் பந்தலுக்குக் கொண்டுவர முடியாததால் பந்தலைக் காலுக்குக் கொண்டுபோனோம். வீட்டு வாசலுக்கு நேரே வரவேண்டிய பந்தல் வளவின் தூரத்து மூலைக்கு நகர்ந்து, பாதி வேலியைத் தாண்டி, பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் வீட்டுக்குள் நுழைந்து, ஆளில்லாததைக் கண்டு, மேளச் சத்தம் கேட்ட பக்கமாகக் கிறவலில் நறநறவென்று நடந்தார்கள். நிலாவெளியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், கலியாணம் காக்கா வீட்டில் என்று கடைசிவரை நினைத்து, போகும்போது அவரிடம்தான் விடைபெற்றார். காக்காவும் மறுக்காமல், "சந்தோஷம், சந்தோஷம், வந்ததுக்கு," என்று அனுப்பி வைத்தார்.

கலியாணம் முடிய, புதுச்சோடி என் அறைக்குள்ளும் நான் விறாந்தைக்கும் போனோம். மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் விடிய எழும்பி வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் என் மண் பைகளில் கால் தடக்கி, "சொறி மச்சான்," என்பார். நான், "பரவாயில்லை," என்பேன். தங்கை அறைக்குள்ளிருந்து, "முருக்கு எப்பிடி?" என்பாள். காலையில் இந்த மூன்று வசனமும் இதே ஒழுங்கில் நடக்கும்.

முருக்குக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஆவணி வெயிலில் சுற்றாடலில் ஒரு பச்சை இல்லை. தடியைச் சுற்றிச் சூரை முள்ளை அடுக்கி அரண் கட்டினேன். முதலில் பட்டையில் சிறு மொட்டுப்போல வீக்கம், பிறகு கிளிப்பச்சையில் ஒரு தளிர், பிறகு ஒரு கொத்து. தங்கை அதன் முன் நின்று சிரித்த சிரிப்பு தாலி கட்டும்போதுகூட வரவில்லை. அன்றே மாப்பிள்ளை இறக்கக்கண்டிக்குப் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலைப் பஸ்ஸில் வருவதாக அவர் சொல்லிவிட்டார்.

மாமி வரும் வழியில் முள் குத்தக்கூடாது என்று அம்மா அரணின் ஒரு பக்கத்தை விலக்கி, கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தார். அம்மா, தங்கை, மாப்பிள்ளை, நான் என்று எல்லோரும் பஸ்ஸடிக்குப் போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வரும் வழியெல்லாம் தங்கை தளிரின் நிறத்தை வர்ணித்தாள். வேலி மூலைக்கு வந்து பார்த்தால், வெறும் தடி நின்றது. பக்கத்தில் வெள்ளாடு நின்றது. அது எங்களைப் பார்த்துவிட்டு, மெல்லுவதை நிறுத்தவில்லை.

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அந்த வசனம் அவர் உதட்டுக்கு வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு முருக்குக்குக் கிட்டப் போனார். "இது ஆற்ற ஆடு?"

காக்கா பட்டியிலிருந்து எழும்பி வந்தார். "என்டதுதான் அக்கா. பிழைதான். கட்டிப்போட்டனான், கயித்தையும் தின்டுட்டு."

மாமி குனிந்து தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடித்த இடங்களில் ஈரம் காயவில்லை. ஒவ்வொரு காம்பின் அடியையும் விரலால் தொட்டார்.

"காய்ஞ்ச கம்பை ஆடு தின்னுமோ?"

"தின்னாது அக்கா. அதுட நாக்கு அப்பிடி."

"இஞ்சயும் இருந்திருக்கு, இஞ்சயும் இருந்திருக்கு. நல்லாத்தான் தளிர்த்திருக்கு." நிமிர்ந்து ஆட்டை ஒரு கணம் பார்த்தார். "ஆடு கறக்குமோ?"

"கறக்கும். ஏன் அக்கா?"

"நான் கண்ணால காணவேணும் எண்டு சொன்னனான். தளிர் இப்ப அதுக்குள்ள நிக்குது. அப்ப அந்த ஆட்டின்ர பாலையே தாங்கோ, அதைத்தான் காய்ச்சவேணும்."

"பசுப்பாலும் இருக்கு அக்கா."

"பசு தளிரைத் தின்னேல்லையே."

காக்கா உள்ளே போய்ச் செம்பு எடுத்து வந்தார். ஆடு கறக்க விடாமல் இரண்டு தரம் உதைத்தது. மாப்பிள்ளை அதன் கொம்பைப் பிடித்தார். தங்கை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அரைச் செம்பு பால் வந்தது. அம்மா அதை வாழையிலையால் மூடிக் கட்டினார். அந்த வாழையிலையும் றோட்டுக்குக் கிழக்கே இருந்து வந்ததுதான்.

பத்து மணிப் பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். திறப்பு தங்கையின் கையில் இருந்தது. செம்பை மட்டும் மாமி யாரிடமும் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் மறைந்ததும் நான் வீட்டுக்கு வந்து, விறாந்தையிலிருந்த மண் பைகளைப் பழைய ஒழுங்கிலேயே அறைக்குள் அடுக்கத் தொடங்கினேன்.