பச்சைக் குடத்தில் ஒரு பெயர்

போன ஞாயிறு ராயபுரத்தில் ஒரு கலைக் கண்காட்சிக்குப் போனேன். பழைய குடோன் ஒன்றில் அறுபது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. அவ்வளவுதான் கண்காட்சி! சுற்றிலும் கயிறு, மேலே ஸ்பாட் லைட், 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு வேறு.

தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டே வளர்ந்தவள் நான். இது கலை என்றால் எங்கள் தெருவே மியூசியம்தானே?

உள்ளுக்குள் நக்கலடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். "ஐய... இது என் கொடம்!"

காசிமேட்டில் எனக்கு மீன் கொடுக்கிற கஸ்தூரி. பழைய குடத்துக்குப் புதுக்குடம் என்று யாரோ தெருவில் கேட்க, அவள் புருஷன் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். விசாரித்து, அந்தப் புதுக்குடத்தோடு ஓடிவந்திருக்கிறாள்.

பச்சைக் குடம். கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் 'ரேவதி'. பெயர் எழுதாவிட்டால் வரிசையில் குடம் மாறிவிடும், அதனால் எங்கள் பக்கம் எல்லோரும் எழுதுவோம். இதில் எழுதியது கஸ்தூரியின் மகள் ரேவதியேதான். இரண்டு வருஷம் முன்பு காதலித்தவனையே கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு நின்ற பேச்சு... இன்றுவரை இல்லை.

கண்காட்சி வைத்த இளைஞர் பதறி வந்தார். "ஷோ முடியட்டும்மா, நானே கொண்டுவந்து தர்றேன்."

"அதுக்குள்ள பேரு அழிஞ்சிட்டா? அழிஞ்சி பூடும்னு நான் தேச்சிக்கூட கழுவ மாட்டேன் தம்பி..." கஸ்தூரி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். நல்ல பிள்ளை! கஸ்தூரி தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தில் புதுக்குடத்தை வைத்தாள். வரிசையில் இடம் விட்டுப் பழக்கமில்லையே!

வெளியே வந்ததும் கேட்டேன். "இவ்வளவு ஆசையை வெச்சுக்கிட்டு, ஒரு போன் போட்டா என்னடி?"

"அவ எடுக்கலன்னா இன்னாக்கா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் பேச்சை நிறுத்துவது ஒரு நிமிஷ வேலை. யார் முதலில் பேசுவது என்பதில்தானே வருஷங்கள் ஓடிவிடுகின்றன?

அவள் போனை வாங்கினேன். மகள் நம்பரை அழிக்காமல்தான் வைத்திருந்தாள். நானே போட்டு அவள் காதில் வைத்தேன். ஒரே ரிங்தான். "அம்மா?" என்றது எனக்கே கேட்டது.

மீன் மார்க்கெட்டையே அதட்டுகிற கஸ்தூரி குடத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், கடைசியில் கேட்டேவிட்டாள்.

"உன் வூட்ல தண்ணி ஒழுங்கா வருதாடி?"