அமாவாசையன்று அவர் வேலையில்தான் இருந்தார்

வேலூரில் நஷ்டஈட்டு ஆணை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்தாகிவிட்டது. இப்போது ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு அமுக்குவதும் விடுவதுமாக இருக்கிறார். தினம் நூறு தடவை அமுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இவர் அறுபதிலேயே நிறுத்திவிட்டு நூறு ஆகிவிட்டது என்பார். நான் அடுப்படியிலிருந்தே எண்ணிக்கொண்டிருப்பேன். உடனே சண்டை. இப்படி ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அவர் ஜக்கார்டு மெக்கானிக். தறியின் தலைக்குமேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். புடவையில் எந்த இடத்தில் பூ, எந்த இடத்தில் மயில் என்று இழைகளைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். அது மக்கர் செய்தால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. ஆரணியில் பத்துத் தறி போட்ட ஒரு கொட்டகையில் இவர் மாதச் சம்பளத்துக்கு இருந்தார். எங்கள் ஊரில் அமாவாசையன்று பட்டு நெய்கிறவர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அன்றைக்குக் கொட்டகை பூட்டியிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பூட்டியிருக்காது. தறி நிற்கிற அன்றைக்குத்தானே பெட்டியை இறக்கித் துடைத்து எண்ணெய் போட முடியும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு அமாவாசைக்குக்கூட இவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்ததில்லை. காக்காவுக்குச் சோறு வைப்பவளும் நான்தான், பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவளும் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு அமாவாசையில் பெட்டியை இறக்கும்போது கயிறு அறுந்துவிட்டது. முழு கனமும் அவர் வலது கைமேல் இறங்கியது. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடியபோது, அவரை ஏற்கெனவே ஆட்டோவில் உட்கார வைத்திருந்தார்கள். முதலாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையால் அவர் கையைச் சுற்றிப் பிடித்திருந்தார். ரத்தம் அந்தம்மாவின் மடியெல்லாம் ஆகியிருந்தது. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, டாக்டரு கேட்டா வூட்ல வழுக்கி வுழுந்துட்டாருன்னு சொல்லு. வேல செய்யற எடத்துலன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். அதவுட, அமாவாசைல எங்க தறில ரத்தம் வுழுந்துச்சுன்னு ஊருக்குள்ள பேசிகினு திரிவாங்க. நெய்ய ஒருத்தன் வரமாட்டான். நாங்க பாத்துக்கறோம், கை வுட்டுட மாட்டோம்."

நான் தலையாட்டினேன். உள்ளே டாக்டர் பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, வீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். இந்த இடத்தை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. யாரும் என் வாயைத் திறந்து அந்த வார்த்தையை உள்ளே போடவில்லை. கொஞ்சம்கூடத் திக்காமல் சொன்னேன். பாத்ரூம் என்பது என் சொந்தச் சரக்கு. அவர் ஊசி போட்ட மயக்கத்தில் இருந்தார், எதையும் கேட்கவில்லை.

அக்கா கொடுத்த சொல்லை முதலாளி காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் ஆபரேஷன் வரைக்கும் செலவுக்குக் கூடவே நின்றார். ஆனால் எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு பெரிய ஆபரேஷன் செய்தால் ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற அளவுக்காவது கை வரும், தள்ளிப்போட்டால் நரம்பு இறுகிவிடும், அப்புறம் எங்களிடம் வராதீர்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அதன் செலவு முதலாளியின் சக்திக்கும் மீறியது. அப்போதுதான் அவருக்கு, பேங்க் லோன் வாங்கும்போது தொழிலாளர்களுக்கென்று ஒரு பாலிசி எடுத்தது ஞாபகம் வந்தது. தேடி எடுத்து எழுதிப் போட்டார்.

நாலு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. முடியாது என்று இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். அன்று அமாவாசை, விடுமுறை, ஆகவே வேலை நடக்கவில்லை. ஆஸ்பத்திரி நோட்டில் காயம் வீட்டில் பட்டதாக இருக்கிறது, சொன்னவர் மனைவி.

முதலாளி அந்த ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்படிச் சொன்னது அவருக்கு அதுவரை தெரியாது. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அன்றிலிருந்து சாப்பாடு போடு, சட்டை மாட்டிவிடு என்பதற்குமேல் பேச்சில்லை. நான் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன், அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என் வாயால் அவர் கை போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

முதலாளி ஒரு நாள் புது யோசனையோடு வந்தார். "விபத்து அமாவாசைக்கு மொத நாளு நடந்துச்சுன்னு மாத்தி எழுதிக் குடுத்துடலாம்மா. லீவு பிரச்சன தீந்துடும்." அப்போது எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. எங்களைப் போன்றவர்களின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். ஒரு பொய்யில் ஓட்டை விழுந்தால் இன்னொரு பொய்யை ஒட்டுப் போடுவோம்.

நல்லவேளை, அப்படி எழுதிக் கொடுப்பதற்குமுன் நான் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். நான் குஞ்சம் கட்டிக் கொடுக்கும் கடைக்கார அம்மா சொல்லித்தான் போனேன். அங்கே ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒரு பெண் வக்கீல், என்னைவிடப் பத்து வயசு சின்னவள், கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இன்ஷூரன்ஸ்காரங்க இல்லன்னு சொன்னா அது முடிவு இல்லீங்க. அது அவங்க பதில், அவ்ளோதான். முடிவு சொல்றவரு தொழிலாளர் ஆணையரு, வேலூர்ல உக்காந்துகினு இருக்காரு. அடிபட்டதுலருந்து ரெண்டு வருஷம் டைம் இருக்கு. நாம அவர்கிட்ட மனு போடுவோம்."

எனக்கு அந்த நிமிஷமே பாதி உயிர் திரும்பி வந்தது. கதவை மூடிவிட்டார்கள் என்று நான் அழுதுகொண்டிருந்தது, கடைசிக் கதவே இல்லையாம்.

தேதி மாற்றும் யோசனையைச் சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு பொய்யே உங்கள எவ்ளோ அலைய வெச்சிகினு இருக்கு. இன்னொன்னு வேற வேணுமா? ஆஸ்பத்திரி நோட்ல தேதி, மணி எல்லாம் இருக்கும்ங்க. நடந்தத நடந்த மாதிரியே எழுதுவோம். வூட்லன்னு சொன்னது பொய்யின்னும் எழுதுவோம்."

அதற்குப் பிறகு அலைச்சல்தான். ஆஸ்பத்திரியில் அந்த நோட்டின் நகல் வாங்கினேன். கை எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். சம்பளம் பேங்கில் ஏறிய பாஸ்புக், கடிதத்தின் நகல், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். முதலாளிக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் போயிற்று. அக்கா அதோடு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் எரிச்சல்தான். அன்று முந்தானையால் கையைப் பிடித்தவரும் அவர்தான் என்பதால் ஒரேயடியாக வெறுக்கவும் முடியவில்லை.

விசாரணை பல தடவை தள்ளிப்போய் ஒரு வழியாக நடந்தது. ஆணையரின் அறை நான் பயந்த மாதிரி இல்லை. கூண்டெல்லாம் கிடையாது, ஒரு நாற்காலி. முதலாளியும் அக்காவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் சென்னையிலிருந்து வந்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, அமாவாசைக்கு லீவுன்னு உங்க ஊர்ல எல்லாருமே சொல்றாங்க. லீவு நாள்ல உங்க கணவர் அங்க எதுக்குப் போனாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தறி ஓடிகினு இருக்கும்போது அந்தப் பொட்டிய எறக்க முடியுமா சார்? நெய்யறவங்களுக்கு லீவுன்னாதான் இவருக்கு வேலையே. உங்க ஆபீஸ்ல ஃபேன் ரிப்பேர் பண்றவரு, ஃபேன் சுத்திகினு இருக்கும்போதா கைய வெக்கறாரு?"

ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு வாட்டி நிதானமா சொல்லுங்கம்மா. டைப் பண்ணணும்" என்றார். கோபத்தில் கொட்டியதை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித் திரும்பச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஃபேன் என்ற இடம் வந்தபோது டைப் அடிக்கிற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கம்பெனி வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். "அப்ப ஆஸ்பத்திரியில வீட்ல விழுந்தாருன்னு ஏன் சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் சார்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்குச் சொல்றது நிஜம்னு எப்படிம்மா நம்பறது?"

எங்கள் வக்கீல் எழுந்தாள், ஆனால் அவள் பேசுவதற்குமுன் பின்னால் பெஞ்ச் நகர்ந்தது. அக்கா எழுந்து நின்றிருந்தார். முதலாளி அவர் கையைப் பிடித்து இழுத்தார், அவர் உட்காரவில்லை.

"நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஊரு பேசும்னு பயந்துகினு சொன்னேன். அவரு எங்க கொட்டாயிலதான் இருந்தாரு. மாசாமாசம் அமாவாசைக்கு வருவாரு. காலைல டீ போட்டுக் குடுத்ததே நான்தான்."

ஆணையர் அவரையும் நாற்காலியில் உட்கார வைத்து உறுதிமொழி வாங்கி முறையாக எழுதிக்கொண்டார். அதன்பிறகு முதலாளியும் ஆமாம் என்றார். வெளியே வந்ததும் நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஜல்தியா நடங்க, ஆரணி பஸ் கெளம்பிடும்" என்றார். எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம்.

ஆறு வாரம் கழித்து ஆணை தயாராக இருக்கிறது என்று வக்கீல் போன் செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் போய் வாங்கினோம். கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று எழுதியிருந்தது. திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும், இவர் அந்தத் தாளை மடியில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். "பணியின்போதும் பணியின் காரணமாகவும் ஏற்பட்ட காயம்" என்ற வரியை மட்டும் மூன்று தடவை படிக்க வைத்தார்.

பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எனக்கு நெனவு இருந்து, டாக்டரு என்னையே கேட்டிருந்தாலும், நானும் வூட்லதான் வுழுந்தேன்னு சொல்லியிருப்பேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"லெட்டரு வந்த அன்னைக்கே."

"அப்ப இத்தன நாளு ஏன் சொல்லல?"

"கேஸ் இன்னா ஆவுமோன்னு இருந்துச்சு. தோத்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன். பழி போட ஒரு ஆளு வேணுமில்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் சுமந்ததை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருப்பேன். ஆனால் அதே நேரத்தில் உடம்பு லேசாகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் மடியிலிருந்த தாளை எடுத்து மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். இது எங்கிட்டயே இருக்கட்டும் என்றேன். அவர் சரி என்றார்.