மஹ்ரூப் நானாவின் போறணையில் பலேர்மோ பிஸ்கட்

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை விட்டு மேலே ஏறுகிற ஒழுங்கையில் நான்காவது வீடு பரிமளத்தினுடையது. அறுபத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாட்டில். குசினி மேசையில் ஒரு மின்சார ஓவன் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து வாங்கி அனுப்பியது. திறந்து பார்த்தால் உள்ளே புளிப் போத்தலும் செத்தல் மிளகாயும் இருக்கும். வந்து மூன்று வருஷமாகியும் அது ஒரு நாள்கூடச் சூடு கண்டதில்லை.

பாவிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஹந்தானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளைப் பன்னிரண்டு வயதில் கண்டி டவுனில் ஒரு பறங்கி நோனா வீட்டுக் குசினியில் கொண்டுபோய் விட்டார்கள். பதினோரு வருஷம் அங்கே மா சலித்தாள், முட்டை அடித்தாள், ரவை வறுத்தாள். நோனா திட்டுவதிலும் கெட்டிக்காரி, கேக் போடுவதிலும் கெட்டிக்காரி. பரிமளம் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். மாவைக் கையில் எடுத்தாலே இது இன்னும் எவ்வளவு பட்டர் கேட்கும் என்று சொல்லிவிடுவாள். பிறகு கடுகண்ணாவை ஸ்டேஷனில் வேலை பார்த்த சவரிமுத்துவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளைப் பெற்றாள், படிக்கவைத்தாள், ஒவ்வொருவராகக் கட்டுநாயக்காவில் கொண்டுபோய்ப் பிளேன் ஏற்றிவிட்டாள்.

ஓவனைத் தொடாததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். வீட்டிலேயே சுட்டுவிட்டால் மஹ்ரூப் நானாவின் பேக்கரிக்குப் போகத் தேவையில்லாமல் போய்விடும்.

பேக்கரி ஒழுங்கை முகப்பில் இருக்கிறது. விறகுப் போறணை, பாண் சுடுகிற பெரிய செங்கல் அடுப்பு. காலைப் பாண் இறங்கின பிறகு, பின்னேரப் பாணுக்கு மறுபடி விறகு போடும்வரை அந்தச் சூடு சும்மா கிடக்கும். டிசம்பர் இருபத்து மூன்றாம் திகதி மட்டும் அது ஊர்க் கிறிஸ்தவ வீடுகளுக்குச் சொந்தம். அவரவர் கேக்கையும் பிஸ்கட்டையும் தட்டில் அடுக்கி, ஓரத்தில் பெயர் எழுதின கடதாசியை ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மஹ்ரூப் நானா இதற்குக் கூலி வாங்குவதில்லை. வெந்து வந்ததும் ஒவ்வொரு தட்டிலும் நாலை எடுத்துத் தனியாக வைப்பார். போறணைப் பங்கு என்று அதற்குப் பேர். அது பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டுக்குப் போகும். இதற்கெல்லாம் ஒரேயொரு சட்டம்தான்: சாராயம் ஊற்றினதும் பன்றி சேர்ந்ததும் போறணைக்குள் வரக்கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. முப்பது வருஷமாக யாரும் மீறினதும் இல்லை.

மற்ற வீட்டார் பிள்ளைகுட்டிகளோடு வந்து, சத்தம் போட்டுச் சிரித்து, பங்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பரிமளத்தை மட்டும், சவரிமுத்து செத்த வருஷத்திலிருந்து, மஹ்ரூபின் மனைவி றமீலா பகல் சாப்பாட்டுக்கு இருத்திவிடுவாள். மஹ்ரூப், றமீலா, அவர்கள் மகள் அனீஸா, பரிமளம் என்று நாலு பேர் ஒரு மேசையில். உப்புக் கூடிவிட்டதா, இன்னும் கொஞ்சம் போடவா, டவுனில் மரக்கறி என்ன விலை என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வருஷத்தில் அவள் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது ஒன்றுதான். மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் ரேடியோவைப் போட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு வாயில் முடித்துவிடுவாள்.

அந்த ஒரு சாப்பாட்டுக்காக அவள் இரண்டு பக்கமும் பொய் சொன்னாள். பிள்ளைகளிடம், "ஓவன் தங்கமா வேல செய்யுது." றமீலாவிடம், "எங்கிட்ட ஏது புள்ள ஓவன்?" பாவசங்கீர்த்தனத்தில் இரண்டையும் சாமியாரிடம் சொல்லிவிடுவாள். ஆனால் திருத்திக்கொள்ள மாட்டாள்.

ஓவன் வந்த வருஷமே பிள்ளைகளுக்கு ஒரு யோசனை வந்தது. தாங்கள் இருக்கிற நாட்டில் நத்தார்ப் பண்டிகைக்குச் செய்கிற பிஸ்கட்டை ஆளுக்கொன்றாகச் சொல்வது. சொன்ன மூன்றையும் வருஷா வருஷம் எல்லாரும் ஒரே நாளில் செய்வது. செய்துகொண்டே போனில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது. குடும்பமாகப் பலகாரம் செய்கிறோம் என்று பேர். ஜெர்மனியில் இருக்கிற மூத்தவன் அருள்தாஸ் பிறைநிலா மாதிரி வளைத்த பிஸ்கட்டைச் சொன்னான். நோர்வேயில் இருக்கிற கடைசிப் பையன் விக்டர், இஞ்சியும் கராம்பும் மிளகும் போட்ட மெல்லிசு பிஸ்கட் ஒன்றைச் சொன்னான். மாவை ராத்திரி முழுக்க வெளியே குளிரில் வைக்க வேண்டும் என்றும் சொன்னான். பிலிமத்தலாவையில் வெளியே வைத்தால் விடிவதற்குள் எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும். பரிமளம் பிரிட்ஜில் வைத்தாள். பாதாமுக்குக் கஜு போட்டாள், அவர்கள் சொன்ன சிரப்புக்குக் கித்துள் பாணி ஊற்றினாள். எந்த நாட்டுப் பிஸ்கட்டும் அவள் கைக்கு வந்தால் கொஞ்சம் கண்டிப் பிஸ்கட் ஆகிவிடும்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, நடுவில் பிறந்த ஜெசிந்தாவின் பிஸ்கட் விசேஷமாக வந்தது. அவள் இத்தாலியில், பலேர்மோவில் இருக்கிறாள். லீவில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். உள்ளே காய்ந்த அத்திப்பழம், தோடம்பழத் தோல், வெள்ளையாக ஏதோ நிரப்பின ஒரு டப்பா. டப்பா முழுக்க இத்தாலி எழுத்து. "பட்டருக்குப் பதிலா அந்த டப்பால இருக்கிறதப் போடுங்கம்மா" என்று போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். பரிமளம் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். வாசமே இல்லை. நல்ல ரக மாஜரின் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் திகதி சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு மூன்று தட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஓரக் கடதாசியில் தன் பேரை எழுதாமல் அருள்தாஸ், ஜெசிந்தா, விக்டர் என்று எழுதியிருந்தாள். மற்ற வீட்டுத் தட்டெல்லாம் வெந்து வீடு போய்விட்டன, இவளுடையதுதான் கடைசி. மஹ்ரூப் நானா பெயர்களை வாசித்துவிட்டு, "மூணு பேரயும் நல்லா செவக்க எடுத்துத் தாறன். ஒரு மணிக்கு வாங்கோ" என்றார்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. ஐரோப்பாவில் அப்போது காலை எட்டு மணி. போனின் சின்னக் கண்ணாடிக்குள் மூன்று குசினிகள். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மன் பேசின, இத்தாலியன் பேசின. பாட்டிக்கு ஒரு கை ஆட்டிவிட்டுப் போய்விட்டன. பரிமளம் ஓவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "திறந்தா சூடு போயிரும்" என்று மூன்று வருஷமாகச் சொல்லும் சாட்டு தயாராக இருந்தது.

"அம்மா, அத்திப்பழப் பிஸ்கட் மா நல்லா கொழைஞ்சுதா?" என்றாள் ஜெசிந்தா.

"பூ மாதிரி கொழைஞ்சுது. அந்த வெள்ள மாஜரின் நல்ல சாமான் புள்ள."

"மாஜரின் இல்லம்மா, அது பன்னிக் கொழுப்பு. இங்க பழைய ஆளுங்க அதுலதான் செய்வாங்க."

அருள்தாஸ் அங்கே சிரித்தான். "அதான் ருசி!"

பரிமளம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிஷம்.

"என்னம்மா மூஞ்சி இப்புடி ஆயிருச்சு? நமக்குப் பன்னி ஆகாதா? ஒங்க ஓவன், ஒங்க வீடு. யாரு கேக்கப் போறா?" என்றாள் ஜெசிந்தா.

அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. தாய் வீட்டில்தான் சுடுகிறாள் என்று நம்புகிறவள் அவள். நம்பவைத்தது தாய். பரிமளம் விளக்கம் சொல்லப் போகவில்லை. "கரண்டு போகப் போவுது போல. வைக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

ஒழுங்கையில் இறங்கும்போது ஒரு யோசனை வந்தது. வந்ததை மறைப்பானேன்? சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? வாசமில்லை, நிறமில்லை. சொன்னால் அந்த மேசை போய்விடும். முப்பது வருஷத்து நம்பிக்கையும் அதோடு போகும், அடுத்த வருஷம் தட்டோடு போய் நிற்க முகமிருக்காது. சொல்லாமல் இருந்தால் இன்றைக்கும் சாப்பிடலாம், அடுத்த வருஷமும் சாப்பிடலாம். பேக்கரி வாசல்வரை அந்த யோசனை அவளோடு கூடவே வந்தது.

போறணைப் பக்கம் யாரும் இல்லை. பலகையில் மூன்று தட்டும் சிவந்து ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நாலு பிஸ்கட் குறைந்திருந்தது. பின்வாசலால் வீட்டுக்குள் போனாள். மேசையில் நாலு கோப்பை, மூடிவைத்த சோறு, நடுவில் பங்குத் தட்டு. அனீஸா பலேர்மோ பிஸ்கட் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்கா வரும் மட்டும் இரேன்டி!" என்று றமீலா அதட்டிக்கொண்டிருந்தாள்.

"வையி புள்ள அத!" என்று பரிமளம் வாசலில் நின்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுல பன்னிக் கொழுப்பு இருக்கு, நானா. தெரியாம போட்டுட்டேன். டப்பா எழுத்து வாசிக்கத் தெரியல. இப்பதான் மக சொன்னா."

அனீஸா பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டாள். றமீலா சோற்றுப் பாத்திரத்தைப் பங்குத் தட்டிலிருந்து தூர நகர்த்தினாள். மஹ்ரூப் நானா எழுந்து போறணைப் பக்கம் போனார். அவர் பள்ளிவாசல் மௌலவியோடு போனில் பேசுவது கேட்டது. பரிமளம் உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "தெரியாம நடந்ததுக்குக் குத்தமில்ல. பட்டதெல்லாம் ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண் கரைச்ச தண்ணி. கொழுப்பு ஒழுகி ஈக்கிது, போறணைத் தரையயும் கழுவோணும். பின்னேரம் பாண் இல்ல" என்றார்.

நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமைப் பின்னேரம், ஊருக்கே பாண் இல்லை.

"நான் கழுவுறேன்" என்றாள் பரிமளம். றமீலா தடுக்கவில்லை. பின்முற்றத்துக் குழாயடியில் குந்தி, அனீஸாவின் கையிலிருந்து தொடங்கி, பங்குத் தட்டு, இடுக்கி, பலகை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். றமீலா தண்ணீர் ஊற்றி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முன்பக்கம் யாரோ பாண் கேட்டு வந்தார்கள். "போறணை திருத்துற வேல" என்று மஹ்ரூப் நானா சொன்னது கேட்டது. அடுத்து வந்தவருக்கும் அதையேதான் சொன்னார். யாரிடமும் அவள் பேரை எடுக்கவில்லை. அது அவளுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முடிந்தபோது மூன்று மணி. பங்குக்கு எடுத்ததெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக் கிடந்ததால் ஒரு பிஸ்கட்கூட அந்த வீட்டில் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிக் கட்டினாள். இனி அதை அவள் ஒருத்திதான் தின்ன வேண்டும்.

"நான் வாறேன், தங்கச்சி."

"சாப்பிடாம எங்க போற?" என்றாள் றமீலா. "நாங்களும் இன்னம் சாப்பிடல்ல."

"பங்கு ஒண்ணும் குடுக்கலயே. ஒரு நாள் பொழப்பயும் கெடுத்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு குந்துறது?"

மஹ்ரூப் நானா ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே வந்தார். "அக்கா, ஒங்கட ஓவனக் கொண்டுவந்த லொறிக்காரன் எங்கிட்டத்தான் வழி கேட்ட. நான்தான் கைகாட்டி உட்ட. மூணு வருஷமா நீங்க பிஸ்கட் சுடவா இங்க வாற?"

பரிமளத்துக்கு முதலில் வந்தது வெட்கம். தன் தனிமையை யார் கண்ணிலும் படாமல் பொத்தி வைத்திருப்பதாக அவள் நினைத்திருந்தாள். இவர்களோ எல்லாம் தெரிந்துகொண்டே வருஷா வருஷம் அவள் தட்டை வாங்கிப் போறணைக்குள் தள்ளியிருக்கிறார்கள், நாலாவது கோப்பையை எடுத்து வைத்திருக்கிறார்கள். பொய் சொல்ல வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

"இல்ல நானா" என்றாள். "சோறு திங்கத்தான்."

சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள். றமீலா ஆறிப்போன சோற்றை அவள் கோப்பையில் போட்டாள்.